பிரட்டும் குறுக்கீடும்: எந்த வேலை யாருக்கு என்ற கணக்கின் வரலாறு

கணினியோடு சேர்ந்த கருவி ஒவ்வொன்றும், தன்னிடம் ஏதேனும் நடந்தவுடன் செயலியைக் கூப்பிடும். விசைப்பலகையில் விரல் பட்டது, வட்டிலிருந்து கேட்ட தகவல் வந்துவிட்டது, வலையமைப்பிலிருந்து ஒரு பொட்டலம் இறங்கியது என்று கூப்பாடு பலவகை. செயலி கையிலுள்ள வேலையை அப்படியே நிறுத்தி, விட்ட இடத்தைக் குறித்துவைத்து, கூப்பிட்ட கருவியைக் கவனித்துவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பும். இதற்குத் தமிழில் குறுக்கீடு என்று பெயர். பொறியியலாளர் வாயில் இன்டரப்ட். செயலி ஒன்றே ஒன்றாக இருந்தவரை, யார் போய்ப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே சில்லுக்குள் நான்கு, எட்டு, அறுபத்துநான்கு செயலிகள், அதாவது கோர்கள், அமைந்த பிறகு, எந்தக் கூப்பாடு எந்தக் கோருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது, இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னலின் தலையில் விழுந்தது.

ஆள் பலர், வேலை பல, எதை யாரிடம் விடுவது என்ற இந்தக் கணக்கை, கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நாள்தோறும் போட்டுவந்த இடங்களில் ஒன்று சபரகமுவ. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களில் தேயிலையும் இறப்பரும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன. தேயிலை இந்தக் கணக்குக்கு ஒரு விடை வைத்திருந்தது, இறப்பர் நேர்மாறான விடை வைத்திருந்தது. கெர்னல் எழுதியவர்கள் அந்தத் தோட்டங்களைப் பார்த்து எதையும் கற்றதில்லை. ஆனாலும் அவர்கள் நாற்பது ஆண்டுகள் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தவை அதே இரண்டு விடைகள்தாம்.

சபரகமுவ 1889 இல் தனி மாகாணமாயிற்று. அதற்குள் கோப்பியின் காலம் முடிந்திருந்தது. 1869 இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் இருபது ஆண்டுக்குள் கோப்பித் தோட்டங்களைத் துடைத்துவிட்டது. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்து உயரமான சரிவுகளில் தேயிலை ஏறியது. 1876 இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்த இறப்பர்க் கன்றுகளை முதல் இருபது இருபத்தைந்து ஆண்டுகள் தோட்டக்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மோட்டார் வண்டிக்குச் சக்கரம் தேவைப்பட்ட பிறகு நிலைமை மாறியது. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய இருப்புப்பாதை 1903 இல் எட்டியாந்தோட்டைக்கும் 1912 இல் இரத்தினபுரிக்கும் போய்ச் சேர்ந்தது. இடையில் 1910 இல் இறப்பர் விலை உலகச் சந்தையில் உச்சத்தைத் தொட்டது. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் மேட்டில் தேயிலை, பள்ளத்தில் இறப்பர் என்ற அமைப்பு பழகிப்போனது.

இரண்டுக்கும் நாள் தொடங்கும் இடம் பிரட்டுக்களம். பரேட் என்ற ஆங்கிலச் சொல்தான் தோட்டத்து நாவில் பிரட்டு என்றும் பெரட்டு என்றும் திரிந்தது. விடியுமுன் தப்பு முழங்கும். லயங்களிலிருந்து ஆட்கள் வந்து நிற்பார்கள். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் பட்டியலில் பெயர் பதிவார். செடியைக் கழிக்கும் கவ்வாத்துக்கு இத்தனை பேர், கான் என்ற வடிகால் வெட்டுக்கு இத்தனை பேர், கொழுந்துக்கு மீதிப் பேர் என்று பிரித்து அனுப்புவார்கள். அன்றைய கூலிக்குப் ‘பெயர்’ என்றே பெயர். குறித்த நிறை கொழுந்து சேராதவருக்கு அரைப்பெயர்.

கொழுந்து எடுப்பதில் ஆளுக்கென்று நிலையான இடம் கிடையாது. ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துத்தான் அதே மலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே கூட்டம் முழுவதும் இன்று இந்த மலை, நாளை அடுத்த மலை என்று நகரும். மலைக்குப் போனதும், மேற்பார்வை பார்க்கும் கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். இன்று பிடித்த நிரை அடுத்த சுற்றில் வேறொருவர் கைக்குப் போகலாம். செடிக்கு அதனால் கேடில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் யார் விரலுக்கும் ஒன்றுதான். வேகமானவர் தன் நிரையை முடித்துவிட்டு அடுத்ததைப் பிடிப்பார். வேலை எல்லார் மேலும் பரவ வேண்டும், கை சும்மா இருக்கக்கூடாது என்பதுதான் இங்கே முறை.

இறப்பர் மரத்தில் பால் வெட்டு அப்படியல்ல. பால் வெட்டுபவருக்கு ஏறத்தாழ 250 முதல் 300 மரம் வரை ஒதுக்கிவிடுவார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு என்பதால் ஒருவருக்கு இப்படி இரண்டு பகுதிகள் இருக்கும். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் குறையும். அதனால் விடியலிலேயே மரத்தடியில் நிற்க வேண்டும். முந்திய வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் இறப்பர் நாடாவை முதலில் உரித்துக் கூடையில் போடுவார். பிறகு கத்தியை மேல் இடப்பக்கம் வைத்துச் சரிவாகக் கீழ் வலப்பக்கம் இழுப்பார். சீவி எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. வெட்டின் ஆழம் குறைந்தால் பால்குழாய் திறக்காது. கூடி உள்ளே இருக்கும் வளர்படலத்தில் கத்தி பட்டுவிட்டால் அந்த இடத்தில் முடிச்சு விழும். பட்டை மீண்டும் வளரும்போது மேடும் பள்ளமுமாகி, பிறகு அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. மரத்துக்கு மரம் பட்டையின் தடிமன் வேறு, போன தடவை கத்தி நின்ற ஆழம் வேறு. இதெல்லாம் செக்ரோலில் இல்லை. வெட்டுபவரின் கையில் இருக்கிறது. சிரட்டையை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடப்பவர், அந்தச் சரிவில் எந்த மரம் எங்கே நிற்கிறது என்பதை இருட்டிலேயே அறிவார். ஆளை மாற்றினால் வேலை நடக்கும், பட்டை கெடும். மழை விடாமல் பெய்யும் காலையில் மட்டும் இந்த ஏற்பாடு கலைந்து, வெட்டுபவர்கள் புல் வெட்டுக்கோ கானுக்கோ போவார்கள். இரத்தினபுரிப் பக்கத்து மழைக்கு அப்படிப்பட்ட காலைகள் குறைவல்ல.

மூன்றாவது ஒரு கட்டும் இருந்தது, ஆனால் அது வேலையிலிருந்து வந்ததல்ல. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்த பெரிய கங்காணியின் பட்டியலிலேயே ஒவ்வோர் ஆளும் இருப்பார். பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். வேலைக்கு வந்து நின்ற ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு கிடைத்ததால், ஒரு கங்காணியின் ஆளை இன்னொரு கங்காணியின் கூட்டத்துக்குக் கொடுப்பது எளிதாக நடக்கவில்லை. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். தோட்டத்துக்குத் தோட்டம் ஆளோடு கடனும் கைமாறியது. இந்தத் துண்டு முறையை 1921 ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. எந்த வேலைக்கு யார் பொருத்தம் என்பதைவிட, யார் யாருடைய ஆள் என்பது முன்னால் நின்ற காலம் அது. கணினியும் இந்தக் கட்டத்தைக் கடந்துதான் வந்தது.

முதல் கணினிகளில் குறுக்கீடே இல்லை. அச்சுப்பொறி தயாரா, நாடா நகர்ந்ததா என்று செயலியே திரும்பத் திரும்பப் போய்க் கேட்டது. தபால் வந்ததா என்று மணிக்கொரு தடவை தபாற்கந்தோருக்கு நடப்பது போன்ற வேலை. 1951 இன் யூனிவாக்கில் கூட்டல் எல்லை மீறினால் நிரல் தானாக வேறிடத்துக்குத் தாவும் ஏற்பாடு இருந்தது. அது உள்ளிருந்து வந்த தடங்கல். வெளிக்கருவி கூப்பிட்டுச் செயலி நிற்பதை, 1954 இல் அமெரிக்கத் தேசியத் தரநிலைப் பணியகம் கட்டிய டைசியாக்கில் காண்கிறோம். 1950களின் நடுவில் கிளீவ்லண்டின் காற்றுச் சுரங்க ஆய்வகத்துக்காக யூனிவாக் 1103 இல் குறுக்கீடு சேர்க்கப்பட்டது: சோதனை நடக்கும்போது அளவுகள் வந்தால் அதைக் கவனி, இல்லாத நேரத்தில் வேறு கணக்கைப் போடு என்பதே தேவை. நெதர்லாந்தின் எலக்ட்ரோலொஜிக்கா எக்ஸ்1 கணினிக்குக் குறுக்கீட்டைக் கையாளும் நிரலை எழுதிய எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1959 இல் முனைவர் ஆய்வையே அதன்மேல் எழுதினார். குறுக்கீடு எந்தக் கணத்திலும் வரலாம் என்பதால், ஒரு தடவை நேர்ந்த பிழையை மறுபடி நிகழ்த்திக் காட்ட முடியாது என்பது அவரை உண்மையிலேயே மிரட்டிய விஷயம். அந்த மிரட்சி வீணல்ல என்று பின்னால் வந்த எல்லாக் கெர்னல்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

செயலி இரண்டானதும் கங்காணி முறை வந்தது. 1964 இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையிலும் அதன் பின்வந்த 370 இலும், வட்டும் நாடாவும் சானல் என்ற இடைக்கருவி வழியாகப் பேசின. சானல் எந்தச் செயலியோடு கட்டப்பட்டதோ அந்தச் செயலிக்கே குறுக்கீடு போகும். பக்கத்துச் செயலி சும்மா இருந்தாலும் அதனால் ஏற்க முடியாது. அது வேறு கங்காணியின் ஆள். 1980களின் தொடக்கத்தில் வந்த 370-எக்ஸ்ஏ வடிவமைப்பு இந்தக் கட்டை அறுத்தது. உள்ளீட்டு வெளியீட்டுக் குறுக்கீடு எந்தச் செயலியின் ஆளும் அல்லாமல் மிதக்கும். அதற்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும் எந்தச் செயலியும் எடுத்துக்கொள்ளலாம்.

விடுதலை கிடைத்த கையோடு ஐபிஎம் செய்த அடுத்த காரியம் கவனிக்கத் தக்கது. எல்லாச் செயலிக்கும் கதவைத் திறந்துவிடாமல், எம்விஎஸ் இயங்குதளம் பெரும்பாலான செயலிகளின் கதவை மூடியே வைத்தது. கதவு திறந்த செயலி ஒரு குறுக்கீட்டை முடித்ததும், வாசலில் இன்னொன்று காத்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். இருந்தால் அதையும் கையோடு முடிக்கும். இப்படிக் காத்திருந்து எடுக்கப்பட்டவை மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டினால் இன்னொரு செயலிக்குக் கதவு திறக்கப்படும். 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஒன்றுக்கு மூடப்படும். இந்த இரண்டு எண்ணையும் நிர்வாகி மாற்றலாம். பத்துப் பேரின் வேலையைப் பத்துத் தடவை கெடுப்பதைவிட, ஒருவரையே அதற்கென்று விட்டுவிடுவது மலிவு என்பது பெரிய கணினிக்காரர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது.

சின்னக் கணினிகள் அந்த அனுபவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. 1981 இன் ஐபிஎம் பிசியில் இன்டெல் 8259 என்ற ஒரு சில்லு, எட்டுக் கம்பிகள். 1984 இன் ஏடி வகையில் இரண்டு சில்லுகள் ஒன்றோடொன்று கோத்து, பயன்படக்கூடிய கம்பிகள் பதினைந்து. பூச்சியம் கடிகாரத்துக்கு, ஒன்று விசைப்பலகைக்கு, ஏழு அச்சுப்பொறிக்கு. 1990களில் சவுண்ட் காட் ஒன்றைப் பொருத்தி, அதுவும் வேறொரு காட்டும் ஐந்தாம் கம்பியிலேயே உட்கார்ந்ததால் இரண்டும் ஊமையாகிப்போக, ஜம்பர் என்ற குட்டிப் பாலங்களைப் பிடுங்கி மாற்றி மாற்றிச் செருகிய நினைவு அக்காலக் கணினிக் கடைக்காரர் பலருக்கு இருக்கும். சண்டை முழுவதும் கம்பிக்காகத்தான். எந்தச் செயலி என்ற கேள்வி அப்போது எழவே இல்லை.

அது 1994 இல் எழுந்தது. இன்டெல் பல்செயலிக் கணினிகளுக்கான விதிமுறையை வெளியிட்ட ஆண்டு அது. பென்டியம் சில்லுக்குள்ளேயே ஏபிக் என்ற குறுக்கீட்டு அலுவலகம் இடம்பிடித்த காலமும் அதுதான். ஒவ்வொரு செயலிக்கும் சொந்தமாக ஓர் ஏபிக். கருவிகள் பக்கத்தில் பொதுவான ஐ/ஓ ஏபிக். இந்தப் பொது ஏபிக்கின் வயிற்றில் வழக்கமாக 24 வரிகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. இந்தக் கம்பி அசைந்தால் இந்த எண்ணோடு இந்தச் செயலிக்கு அனுப்பு என்று ஒவ்வொரு வரியிலும் எழுதலாம். பிரட்டுக்களத்துச் செக்ரோலுக்குக் கணினியில் கிடைத்த முதல் நேர் வடிவம் இதுதான். வரியில் இரண்டு விதமாக எழுத இடமிருந்தது: இன்னாருக்குத்தான் என்று பெயர் சொல்லி எழுதலாம், அல்லது, இந்தக் கூட்டத்தில் இப்போது யாருக்கு வேலை இலேசோ அவருக்கு என்று எழுதலாம். முன்னது பால் வெட்டு, பின்னது கொழுந்து நிரை.

லினக்ஸ் கெர்னல் இரண்டாவதையே முதலில் விரும்பியது. 1996 இல் வந்த 2.0 பதிப்பு பல செயலிகளை ஓட்டினாலும், கெர்னலுக்குள் ஒரு நேரத்தில் ஒரு செயலி மட்டுமே நுழைய முடிந்தது. அந்த நிலையில் குறுக்கீட்டைப் பங்கிட்டுப் பெரிய பயன் இல்லை. 1999 ஜனவரியில் வந்த 2.2 இல் இங்கோ மொல்னார் எழுதிய ஐ/ஓ ஏபிக் நிரல் இருந்தது. குறுக்கீடுகள் செயலிகளுக்கிடையே பரவலாயின. அதே ஆண்டு ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம் மைக்ரோசொஃப்ட்டின் பணத்தில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. நான்கு செயலி, நான்கு நெட்வொர்க் காட் பூட்டிய ஒரே டெல் கணினியில் விண்டோஸ் என்டியும் லினக்ஸும் மாறி மாறி ஓடின. கோப்புப் பரிமாற்றத்தில் என்டி இரண்டரை மடங்கு, இணையப் பக்கம் வழங்குவதில் 3.7 மடங்கு முன்னே நின்றது. லினக்ஸ் பக்கத்தார் கொதித்தார்கள். ஜூனில் அவர்கள் கண்முன்னே சோதனையை மறுபடி நடத்தியும் முடிவு புரளவில்லை. என்டியில் செய்திருந்த முக்கியமான காரியங்களில் ஒன்று, ஒரு காட் ஒரு செயலி என்று ஆளுக்கொன்றாகக் கட்டிவைத்தது. லினக்ஸிலோ நான்கு செயலிகளும் வலையமைப்பு நிரலின் ஒரே பூட்டின் முன்னால் வரிசையில் நின்றன. பணம் யார் கொடுத்தாலும் பட்டை பட்டைதான். அந்தத் தோல்வி லினக்ஸுக்கு நன்மை செய்தது. அடுத்த பதிப்பில் அந்தப் பூட்டு உடைக்கப்பட்டது.

ஆளைக் கட்டிவைப்பதில் ஏன் இவ்வளவு லாபம் என்பதற்கு விடை கேஷ் நினைவகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கோருக்கும் பக்கத்திலேயே ஒரு சிறு நினைவகம் உண்டு. அண்மையில் தொட்ட தகவல் அதில் தங்கும். அங்கிருந்து எடுக்கச் சில சுழற்சிகள் போதும். அங்கே இல்லாமல் முதன்மை நினைவகம் வரை போனால் நூற்றுக்கணக்கான சுழற்சிகள் வீணாகும். ஒரு நெட்வொர்க் காட்டின் குறுக்கீட்டை ஒரே கோர் தொடர்ந்து கவனித்தால், அந்தக் காட்டின் வரிசை, அதைக் கையாளும் நிரல், இணைப்புகளின் நிலை எல்லாம் அதன் கேஷில் சூடாக இருக்கும். அடுத்த தடவை வேறு கோருக்கு அனுப்பினால் எல்லாவற்றையும் புதிதாக இழுத்து வர வேண்டும். பழைய கோரிடம் இருந்த பிரதியும் செல்லாததாகும். போன தடவை கத்தி நின்ற ஆழம் கையில் இருக்கிறதா என்பதே இங்கும் கேள்வி. வேலை சமமாகப் பரவியது என்று கணக்கு காட்டும், மொத்தத்தில் குறைவாகவே நடந்திருக்கும்.

2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 இந்தக் கட்டை நிர்வாகியின் கையில் கொடுத்தது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் ஒரு கோப்பு. அதில் ஓர் எண்ணை எழுதினால் போதும். 1 என்றால் முதல் கோர், 2 என்றால் இரண்டாவது, 4 மூன்றாவது, 8 நான்காவது. 3 என்று எழுதினால் முதல் இரண்டில் எதுவும். எழுதியது நடக்கிறதா என்று பார்க்க இன்னொரு கோப்பு: இடப்பக்கம் குறுக்கீட்டின் எண், அடுத்து கோருக்கொரு பத்தி, வலக்கோடியில் கருவியின் பெயர். எந்தக் கோர் எந்தக் கருவிக்கு எத்தனை தடவை எழுந்தது என்பது இயந்திரம் தொடங்கிய நேரத்திலிருந்து அதில் ஏறிக்கொண்டே போகும். சர்வர் மந்தமாகிறது என்று புகார் வந்தால் அனுபவசாலி முதலில் திறப்பது இந்தக் கோப்பைத்தான். ஒரு பத்தியில் கோடிக்கணக்கு, மற்றப் பத்திகளில் பூச்சியம் என்று இருந்தால் சிக்கல் பாதி பிடிபட்டது.

அப்படியொரு பட்டியலைப் பென்டியம் 4 தாராளமாகக் காட்டியது. முந்திய பென்டியங்களில் இலேசான ஆளுக்கு என்று எழுதினால் வன்பொருளே சுற்றி வந்து பங்கிட்டது. புதிய சில்லின் ஏற்பாட்டில் யார் இலேசு என்பதை மென்பொருள் இடைவிடாமல் பதிந்துவைக்க வேண்டும். லினக்ஸ் அதைச் செய்யாததால் எல்லாக் குறுக்கீடும் முதல் செயலியின் தலையிலேயே இறங்கியது. கெர்னலுக்குள்ளேயே ஒரு பங்கீட்டு நிரல் சேர்க்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. அந்த வேலை, ரெட் ஹெட் நிறுவனத்தில் அர்ஜன் வான் டி வென் எழுதிய ஐஆர்க்யூ பலன்ஸ் என்ற தனி நிரலுக்குப் போயிற்று. அது பத்து விநாடிக்கொரு முறை கணக்கேட்டைப் பார்த்து, எந்தக் கோருக்குச் சுமை கூடியதோ அங்கிருந்து ஒரு குறுக்கீட்டைப் பெயர்த்து வைக்கும். பெயர்க்கும்போதும் கேஷைப் பகிரும் அண்டைக் கோரையே முதலில் நாடும். வைத்த இடத்தில் கொஞ்ச காலமாவது இருக்கவிடுவது அதன் குணம். பத்து விநாடி ஒரு செயலிக்குப் பெரிய காலம்.

யாருக்கு அனுப்புவது என்பதை ஒழுங்குபடுத்தினாலும் ஒரு கேடு மிஞ்சியது. பொட்டலங்கள் வெள்ளமாக வரும்போது, ஒவ்வொன்றுக்கும் எழுந்து ஓடியே கோர் களைத்துவிடும்; வாங்கிய பொட்டலத்தை உரியவரிடம் சேர்க்க நேரமே இருக்காது. ஜெஃப்ரி மோகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் 1996 இல் இந்த நோயைத் துல்லியமாக விவரித்தார்கள்: சுமை ஏற ஏற, வெளியே வரும் வேலை பூச்சியத்தை நோக்கி இறங்கும். மருந்து பழைய வழக்கத்துக்கே திரும்புவது. முதல் பொட்டலம் கூப்பிடட்டும்; பிறகு அந்தக் காட்டின் வாயை மூடிவிட்டு, கோர் தன் வசதிக்கு ஒரு தொகுதியாக அள்ளட்டும்; வரிசை வற்றியதும் வாயைத் திறந்துவிடலாம். இந்த முறை நாப்பி என்ற பெயரில் 2001 இல் லினக்ஸுக்கு எழுதப்பட்டது. அது எம்விஎஸ் வாசலில் எட்டிப் பார்த்த பழக்கத்தின் தூரத்து உறவு.

அதற்குள் கம்பியே போய்விட்டது. எம்எஸ்ஐ என்ற முறையில் கருவி கம்பியை ஆட்டுவதில்லை. நினைவகத்தின் ஒரு குறித்த முகவரியில் ஓர் எண்ணை எழுதுகிறது, அதுவே குறுக்கீடாகிறது. எல்லார் காதிலும் விழும் தப்புக்குப் பதிலாகப் பெயரெழுதிய சீட்டு வந்ததுபோல. எம்எஸ்ஐ-எக்ஸ் வந்தபோது ஒரே கருவி 2048 சீட்டு வரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. இனி ஒரு காட்டுக்கு ஒரு கோர் என்று கட்டத் தேவையில்லை. ஒரு காட்டுக்குள்ளேயே கோருக்கொரு வரிசை வைக்கலாம்.

எந்தப் பொட்டலம் எந்த வரிசைக்கு என்பதைக் காட்டே கணக்கிட்டுச் சொல்லும் முறைக்கு ஆர்எஸ்எஸ் என்று பெயர். அனுப்பியவர், பெறுபவர் இருவரின் முகவரியும் வாயில் எண்களும் ஒரு கணக்குக்குள் போகும். வரும் விடையின் கடைசி ஏழு இருமங்களைக் கொண்டு 128 வரிப் பட்டியலில் ஒரு வரியைப் பார்த்தால் வரிசையின் எண் கிடைக்கும். ஒரே உரையாடலின் பொட்டலங்கள் எப்போதும் ஒரே வரிசைக்குப் போகும், ஒரே கோரிடம் வரும், முன்பின் மாறாது. கூட்டத்தைப் பரப்புவதும் மரத்தை ஒரே கையில் வைப்பதும் ஒருங்கே கைகூடிய இடம் இது. மொத்த மரங்களும் எல்லார் மேலும் பரவியிருக்கும். ஒரு குறித்த மரம் ஒருவருடையதுதான். இத்தகைய வசதியில்லாத காட்டுகளுக்காகக் கூகிளின் டொம் ஹெர்பட் அதே கணக்கை மென்பொருளில் எழுதினார். 2010 இல் லினக்ஸ் 2.6.35 இல் அது சேர்ந்தது. அவருடைய இன்னொரு நிரல் ஒரு படி மேலே போய், பொட்டலத்தை வாசிக்கப்போகும் நிரல் எந்தக் கோரில் ஓடுகிறதோ அங்கேயே அனுப்பியது.

வட்டுகளிலும் அதே கதை, வேகமாக. 2011 இல் வந்த என்விஎம்இ விதிமுறை கோருக்கொரு வரிசை என்பதை அடிப்படையாகவே வைத்துக்கொண்டது. இங்கே லினக்ஸ் ஒரு கடுமையான முடிவெடுத்தது: இந்த வகைக் குறுக்கீடுகளை எந்தக் கோரில் வைப்பது என்பதைக் கெர்னலே தீர்மானிக்கும், நிர்வாகி எழுதி மாற்ற முடியாது. ஒரு வரிசைக்குரிய கோர்கள் எல்லாம் அணைக்கப்பட்டால், அதன் குறுக்கீடு பக்கத்துக் கோருக்குப் பெயர்வதில்லை. வரிசையோடு அதுவும் உறங்கும், கோர் திரும்பி வந்ததும் எழும். வெட்டுபவர் வராத நாளில் அவருடைய மரங்களை வேறு கத்திக்குக் கொடுக்காமல் சும்மா விட்டுவிடும் தோட்டத்தின் நிதானம் இதில் தெரிகிறது.

வரிசைகள் பெருகியதில் சீட்டு எண்களுக்குப் பஞ்சம் வந்தது. எக்ஸ்86 செயலியில் ஒரு கோருக்கு 256 எண்கள்தாம். முதல் 32 செயலியின் சொந்தத் தேவைக்கு. இன்னும் சில கெர்னலுக்கு. மீதியில், பல வரிசை கொண்ட காட்டுகள் சில சேர்ந்தாலே, ஒரு கோரை அணைக்கும்போது அதன் குறுக்கீடுகளுக்கு மற்றக் கோர்களில் இடம் கிடைக்காமல் போகும். தோமஸ் கிளைக்ஸ்னர் எழுதிய புதிய ஒதுக்கீட்டு முறை 2018 தொடக்கத்தில் வந்த 4.15 பதிப்பில் இதைச் சீர்செய்தது. சும்மா ஒதுக்கி வைப்பதை அது நிறுத்தி, உண்மையில் வேலை தொடங்கும்போதே எண்ணைக் கொடுத்தது. பிரட்டுக்கு வராதவர் பெயரை அன்றைய செக்ரோலில் ஏற்றக்கூடாது என்பது தோட்டத்தில் பழைய விதி.

பங்கிடாமலே விடுவதும் ஒரு பங்கீடுதான். பங்குச் சந்தை நிரல்களும் தொலைபேசி அலைக்கோபுர நிரல்களும் நுண்விநாடிக் கணக்கில் ஓடுகின்றன; அவற்றின் கோரை எந்தக் கருவியும் கூப்பிடக்கூடாது. அத்தகைய கணினிகளில் ஒன்றிரண்டு கோர்களை வீட்டு வேலைக்கென்று ஒதுக்கி, எல்லாக் குறுக்கீட்டையும் அவற்றின் மேல் இறக்கிவிடுகிறார்கள்.

புதிய செயலி வகைகளில் பழைய கேள்வி புதிதாக எழுந்தது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் வடிவமைப்பின் பிளிக் என்ற குறுக்கீட்டு அலுவலகம், ஒரு கூப்பாட்டைப் பல கோர்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்க வல்லது. முதலில் கைநீட்டிய கோருக்குக் குறுக்கீட்டின் எண் கிடைக்கும், பிந்தியவற்றுக்குப் பூச்சியம். கைபேசிகளில் உள்ள ஆர்ம் செயலிகளின் ஜிக் அலுவலகத்தின் இரண்டாம் பதிப்பும் ஏறத்தாழ அப்படியே. முந்தியது வேலையை எடுக்க, பிந்தியவை வீணாக உறக்கம் கலைந்து மறுபடி படுக்க வேண்டியதுதான்; மின்கலம் கரையும். அதனால் லினக்ஸ் அந்த வசதியைத் தொடாமல், எத்தனை கோர்களை அனுமதித்தாலும் அவற்றில் ஒன்றையே தேர்ந்தெடுத்து எழுதுகிறது. வேறு சொல்லாவிட்டால் அது பெரும்பாலும் முதல் கோர்.

சபரகமுவத் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. துரைமார் மாறினார்கள், பிரட்டு மாறவில்லை. விடியலில் லயத்து அறையில் தலைமாட்டில் கிடக்கும் கைபேசி அலாரம் அடிக்கும்போது, எட்டுக் கோரில் ஏழு உறங்கிக்கொண்டிருக்க, கடிகாரத்தின் கூப்பாட்டுக்கு ஒன்று மட்டும் எழுகிறது. திரையில் விரல் பட்ட பிறகே மற்றவை ஒவ்வொன்றாக வேலைக்கு வருகின்றன. தொடுதிரையின் குறுக்கீடு மட்டும் அப்போதும் அந்த முதல் கோருக்கே போய்க்கொண்டிருக்கும்.